பட்டாவுக்கு வரும் ஆறாயிரம்

போன மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர், குத்தகை நெல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் போன் சத்தம் போட்டது. "என்னன்னு பாருடா" என்று என்னிடம் நீட்டினார். வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். பி.எம். கிசான் தவணை 2,000 ரூபாய் கணக்கில் வரவு.

யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டேன். படித்த பிறகுதான் உறைத்தது. உழவருக்கான உதவித்தொகை, உழாதவரின் போனுக்கு, உழுதவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்திருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாக்கை எண்ணிக்குங்க தம்பி" என்றார்.

எங்களுக்கு இருப்பது 1 ஏக்கர் 80 சென்ட். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். அப்பா ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நிலம் தாத்தா வழியில் வந்தது. முழங்கால் தேய்ந்த பிறகு வரப்பில் கால் வைத்தே ஏழெட்டு வருடம் இருக்கும். நான் பி.இ. முடித்து இருபது வருடத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். எனக்கு நாற்றுப் பறிக்கத் தெரியாது. ஆனால் அரசாங்கக் கணக்கில் எங்கள் வீடு ஒரு விவசாயக் குடும்பம். குத்தகைதாரரின் வீடு அப்படி இல்லை. அவருடைய மனைவியும் மூத்த மகனும் சேர்ந்து எங்கள் நிலத்திலும் இன்னொருவர் நிலத்திலுமாக நெல்லும் மக்காச்சோளமும் போடுகிறார்கள்.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மோசடி என்றால் புகார் கொடுக்கலாம். இது விதிப்படி நடக்கிறது. அந்த விதியை ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பி.எம். கிசான் 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்குக்கு. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். தேர்தல் முடிந்து சில வாரங்களில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, நிலம் உள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரித்தார்கள். அப்போது மத்திய அரசு சொன்ன எண்ணிக்கை 14.5 கோடிப் பயனாளிகள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் தொழிலில் ஒரு மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைப்பதை ஸ்பெக் என்போம். திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளை நான் அப்படித்தான் படித்தேன். பரவாயில்லை, பல இடங்களில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். யாரை விலக்க வேண்டும் என்பதற்கு நீளமான பட்டியல்: அரசியல் சாசனப் பதவியில் இருந்தவர்கள், அமைச்சர்கள், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், மேயர்கள், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாமல் ஓய்வூதியம் வாங்குபவர்கள், வருமான வரி கட்டியவர்கள், பதிவு செய்து தொழில் நடத்தும் டாக்டர், இன்ஜினியர், வக்கீல், ஆடிட்டர். நிறுவனங்களின் பெயரில் இருக்கும் நிலத்துக்கும் கிடையாது. நில உடைமைக்கான தேதி 2019 பிப்ரவரி 1. அதற்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கு அடுத்த ஐந்து வருடத்துக்கு இல்லை. வாரிசாக வந்தால் மட்டும் உண்டு.

யாரை விலக்குவது என்று இவ்வளவு யோசித்தவர்கள், யாரைச் சேர்ப்பது என்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்தார்கள்: உங்கள் பெயரில் சாகுபடி நிலம் இருக்கிறதா? அதில் நீங்கள் சாகுபடி செய்கிறீர்களா என்ற கேள்வி ஸ்பெக்கில் இல்லை. அப்பாவின் பெயரில் பட்டா இருக்கிறது. அவர் வரி கட்டுவதில்லை, ஓய்வூதியம் இல்லை. நான் வரி கட்டுகிறேன், ஆனால் விதிப்படி நான் அவர் குடும்பத்தில் இல்லை, மேஜர் பிள்ளை. எல்லாக் கட்டமும் பச்சை. ஆறாயிரம் வருகிறது.

இந்த ஒற்றைக் கேள்விதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் என்று நினைக்கிறேன். கள்ளக்குறிச்சிக்காரன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூடுதல் காரணம் உண்டு. 2020 ஞாபகம் இருக்கிறதா?

ஆகஸ்ட் மாதம் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் செய்தி வர ஆரம்பித்தது. ஊரடங்கு மாதங்களில் பி.எம். கிசான் பட்டியலில் ஆயிரக்கணக்கில் புதுப் பெயர்கள் ஏறியிருந்தன. நிலமே இல்லாதவர்கள். வேறு மாவட்டத்துக்காரர்கள்கூட. விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. செப்டம்பரில் அப்போதைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்கு சொன்னார்: 13 மாவட்டங்கள், தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய்க்கு மேல். ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், அதிகாரிகள் மேல் நடவடிக்கை, கைதுகள், வங்கிக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும் வேலை என்று ஒரு சில மாதம் மாவட்டமே அதே பேச்சாக இருந்தது.

எப்படி நடந்தது? விவசாயிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். பதிவானதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது வேளாண்துறையின் லாகின் வழியாக. அந்த லாகினும் பாஸ்வேர்டும் ஒப்பந்த ஊழியர்கள் கைக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் புரோக்கர்களுக்கும் போனது. அப்புறம் என்ன, ஆதார் கார்டும் பாஸ்புக்கும் இருந்தால் யார் வேண்டுமானாலும் விவசாயி.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்தில்கூட இதைப் பற்றிப் பேச்சு வந்தது. எல்லோரும் பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அது இரண்டாவது விஷயமாகப் பட்டது. பாஸ்வேர்டு எப்படியும் கசியும். தாலுகா ஆபீஸ் மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கும் மஞ்சள் தாளைப் பார்க்காத ஆள் உண்டா? கசிந்தால் என்ன கெடும் என்பதுதான் கேள்வி. படிவத்தில் நிரப்பிய சர்வே எண்ணை நிலப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 'இந்த எண்ணுக்கு இவர் பட்டாதாரர் இல்லை' என்று நிறுத்துகிற ஒரு சோதனை நடுவில் இருந்திருந்தால், பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆக, திட்டம் கேட்ட ஒரே கேள்வியைக்கூட அது உண்மையில் கேட்கவில்லை. எழுதியதை நம்பியது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 110 கோடியை 5.5 லட்சத்தால் வகுத்தால் 2,000 ரூபாய். சராசரியாக ஆளுக்கு ஒரே ஒரு தவணை. சிலருக்கு இரண்டு தவணை போயிருக்கும், சிலருக்குப் போவதற்குள் பிடிபட்டிருக்கும், அது வேறு. ஆனால் 'விவசாயிகள் பெயரில் கொள்ளை' என்று தொலைக்காட்சியில் ஓடிய கொள்ளையில் ஒரு ஆளின் பங்கு ரேஷன் கடையில் கிடைக்கும் பொங்கல் பரிசு அளவுதான். அதிலும் புரோக்கர் கமிஷன் போக மிச்சம்தான் கையில். கொரோனா நிவாரணம் என்று சொல்லி ஆதாரை வாங்கிப் போனார்கள் என்றுதான் பலர் அப்போது சொன்னார்கள். நான் அதை நம்புகிறேன். வேலை இல்லாத நேரம், கொத்தனார் வேலைக்கு பெங்களூரு போனவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்த நேரம். அதே மாவட்டத்தில், அதே மாதங்களில், நிலம் உள்ளவருக்கு அரசாங்கம் முறைப்படி 2,000 போட்டது. நிலம் இல்லாதவர் அதே 2,000 வாங்கியபோது அது குற்றம். சட்டப்படி குற்றம்தான், நான் மறுக்கவில்லை. லாகினை விற்றவர்கள்மேல் எனக்கு இரக்கமும் இல்லை. ஆனால் பட்டியலில் திருட்டுத்தனமாக ஏறியவர்களில் எத்தனையோ பேர் தினமும் வயலில் நிற்கிற கூலிக்காரர்கள், குத்தகைக்காரர்கள். முறைப்படி ஏறியவர்களில் என் அப்பா மாதிரி ஆட்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் அப்போது எழுதிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

மேல்தட்டுக் கசிவும் இருந்தது, அது அவ்வளவு சத்தம் போடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் வெங்கடேஷ் நாயக் வாங்கிய பதிலின்படி, 2020 ஜூலை வரை நாடு முழுக்க தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வருமான வரி கட்டுகிறவர்கள். வரி கட்டுகிறவருடைய பான் எண் அரசிடமே இருக்கிறது. ஆதாரும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடு ஒன்று இணைத்தாகிவிட்டது. இருந்தும் 'நான் வரி கட்டுவதில்லை' என்று அவர் கொடுத்த உறுதிமொழியை நம்பிப் பணம் போட்டிருக்கிறார்கள். நிலமில்லாதவர் பொய் சொன்னால் போலீஸ் வருகிறது, வரி கட்டுகிறவர் பொய் சொன்னால் நோட்டீஸ் வருகிறது.

சரி, பிறகு திருத்தினார்களா? திருத்தினார்கள். இ-கே.ஒய்.சி. கட்டாயமானது. நிலப் பதிவேட்டோடு ஒவ்வொரு பயனாளியையும் இணைக்க வேண்டும் என்றார்கள். 2022 அக்டோபரில் 12வது தவணை வந்தபோது, முந்தைய தவணையில் 10 கோடிக்கு மேல் இருந்த எண்ணிக்கை 9 கோடிக்குக் கீழே இறங்கியிருந்தது. போலிகளைக் களைந்துவிட்டோம் என்று இதைச் சாதனையாகச் சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் இப்போது தவணை போகிற எண்ணிக்கை 20 லட்சத்துச் சொச்சம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சாகுபடி உடைமைகள் 79.38 லட்சம், சராசரி அளவு 0.75 ஹெக்டேர். ஒரு உடைமை என்றால் ஒரு குடும்பம் ஆகாது, ஒரே குடும்பத்துக்கு இரண்டு மூன்று இருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, 14.5 கோடி? அதே கணக்கெடுப்பில் நாடு முழுக்க உடைமைகள் 14.6 கோடி. அரசே உடைமைக் கணக்கைக் குடும்பக் கணக்கு மாதிரி எடுத்துக்கொண்டுதான் அறிவிப்புச் செய்தது. அந்த அளவுகோலை வைத்தே பார்த்தாலும் இங்கே நாலில் ஒரு பங்குதான் வருகிறது. மீதி எல்லாம் போலியா?

மீதியில் யார் யார் இருப்பார்கள் என்று எங்கள் ஊர்ப் பட்டியலை வைத்து ஒரு சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கிராமவாரிப் பயனாளிகள் பட்டியல் திட்டத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. எண்ணிக்கை எதையும் இங்கே போடப்போவதில்லை. ஒரு ஊர்க் கணக்கை வைத்து ஒரு மாவட்டத்துக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொன்னார். ஒருவர் பட்டா இன்னும் செத்துப்போன பெரியப்பா பேரில். ஒருவருடையது கூட்டுப் பட்டா, ஐந்து பங்காளிகளில் ஒருவர் திருப்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு அம்மாவுக்குக் கைரேகை விழவில்லை. நாற்பது வருடம் களை எடுத்த கையில் ரேகை எங்கே இருக்கும்? ஆனால் சென்னை அம்பத்தூரில் வீடு கட்டிக்கொண்டு, பொங்கலுக்கு மட்டும் வந்து போகிற ஒருவருடைய பெயர் கச்சிதமாக இருந்தது. தனிப்பட்டா, ஆதார் இணைப்பு, மொபைல் எண் எல்லாம் சுத்தம். டேட்டா சுத்தமாக இருப்பதற்கும் ஆள் வயலில் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் எதிர்ச் சம்பந்தம்தான் கண்ணில் படுகிறது.

பெண்களைப் பற்றி ஒரு வரி. அதே கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கப் பெண்கள் பெயரில் உள்ள உடைமைகள் 14 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. நடவு, களை, அறுவடையில் நிற்பவர்களில் அந்த விகிதம் எவ்வளவு என்று உங்கள் ஊர் வயலை எட்டிப் பார்த்தாலே தெரியும்.

இப்போது குத்தகைக்கு வருகிறேன். 2019ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 77வது சுற்று, நாட்டில் சுமார் 17 சதவீத உடைமைகளில் குத்தகை நிலம் இருக்கிறது என்கிறது. சொல்லாமல் விட்டது எத்தனை என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு யாராவது படிவத்தோடு வந்திருந்தால் அப்பா 'சொந்தப் பயிர்' என்றுதான் சொல்லியிருப்பார். வேடிக்கை என்னவென்றால், வேளாண் கணக்கெடுப்பு ஒரு உடைமையை எப்படி வரையறுக்கிறது தெரியுமா? நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல், யார் நிர்வாகத்தில் பயிர் நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதாவது கணக்கெடுக்கும்போது அரசாங்கத்துக்கு விவசாயி யார் என்று தெரியும். பணம் கொடுக்கும்போதுதான் தெரியாது.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955லேயே வந்தது. 1956ல் நியாய வாரச் சட்டம். குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே 1969ல் ஒரு சட்டம். இவை எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் போராட்டங்களின் வியர்வையில் வந்தவை. இன்று எங்கள் பக்கத்தில் இந்தச் சட்டங்கள் என்ன வேலை செய்கின்றன? குத்தகையை எழுத்தில் வைக்காமல் இருப்பதற்குக் காரணமாக வேலை செய்கின்றன.

அன்று ராத்திரி அப்பாவிடம் பேச்செடுத்தேன்.

"அவருக்குத்தானப்பா அந்தப் பணம் போகணும்?"

"எந்தப் பணம்? நம்ம நிலத்துக்கு வர்ற பணம்டா அது."

"நிலத்துக்கு இல்லப்பா, விவசாயிக்கு."

"அவன் பேரு ஆபீஸ்ல ஏறிச்சுன்னா, நாளைக்கு எந்திரிக்க மாட்டேன்னு சொன்னா நீ பெங்களூருல இருந்து வந்து கோர்ட்ல நிப்பியா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவைக் கெட்டவராகக் காட்ட நான் இதை எழுதவில்லை. அவருடைய பயம் கற்பனை இல்லை. பதிவான குத்தகைதாரரை வெளியேற்றுவது சுலபம் இல்லை என்பதுதான் 1955 சட்டத்தின் நோக்கமே. அவருக்கு அந்த 1 ஏக்கர் 80 சென்ட் என்பது நான் பணம் அனுப்பாமல் போனால் இருக்கிற ஒரே பிடிமானம். எனவே குத்தகை வாய்ப்பேச்சாகவே இருக்கிறது, வருடா வருடம் மாற்றிச் சொல்ல வசதியாக. உழுகிறவரைக் காப்பாற்ற வந்த சட்டம், உழுகிறவரை ஆவணத்திலிருந்து மறைத்துவிட்டது. அதன்மேல் கட்டிய ஒவ்வொரு திட்டமும் அந்த மறைவை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது.

டெல்டாவில் இது இன்னும் வினோதம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாக அறநிலையத்துறைக் கணக்கு. இதில் பெரும்பகுதி நஞ்சையைக் குத்தகைக்காரர்கள் தலைமுறையாகப் பயிர் வைக்கிறார்கள். அங்கே குத்தகை ரகசியம்கூட இல்லை, ரசீது போட்டு வாங்குகிறார்கள். ஆனால் நிலம் சுவாமி பெயரில். நிறுவன நிலம் என்பதால் சுவாமிக்கும் ஆறாயிரம் இல்லை, பயிர் வைப்பவருக்கும் இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே கல்வராயன் மலையில் பட்டா இல்லாமல் மரவள்ளியும் சாமையும் போடுகிற பழங்குடிக் குடும்பங்களுக்கும் இதே கதைதான். வன உரிமைச் சட்டத்தில் பட்டா வாங்கியவர்களுக்கு உண்டு; வாங்க முடியாதவர்கள் வெளியே.

இங்கே ஒரு பொதுவான கருத்தோடு எனக்குத் தகராறு இருக்கிறது. பொருளாதாரம் எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்வது: உரமானியம், இலவச மின்சாரம் எல்லாம் வீண், கசிவு; அதற்குப் பதிலாக வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போட்டால் சரியான ஆளுக்குப் போகும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் நிலத்தை வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மீதி விலையை அரசு கம்பெனிக்குக் கொடுக்கிறது. கடையில் ஆதார் வைத்து விரல் பதிக்க வேண்டும், ஆனால் பட்டா கேட்பதில்லை. எங்கள் குத்தகைதாரர் போய் வாங்குகிறார், அவருக்கு மானியம் கிடைக்கிறது. அவர் வருடத்தில் அரசிடமிருந்து சந்தேகமில்லாமல் பெறுகிற ஒரே விவசாய மானியம் அதுதான். மண்ணைக் கெடுக்கிறது, யூரியாவை அதிகமாகக் கொட்ட வைக்கிறது, எல்லாம் உண்மை. 2022-23ல் மட்டும் நாட்டின் உரமானியம் 2 லட்சம் கோடிக்கு மேல் போனது, பி.எம். கிசான் பட்ஜெட் 60,000 கோடி. அளவில் பெரியது, குறி பார்க்காதது, வீண் என்று பெயர் வாங்கியது. ஆனால் உழுகிறவர் கைக்கு வந்து சேர்கிறது. குறி பார்த்து அடித்தது என் அப்பாவின் போனில் விழுகிறது. பட்டாவை ஆள் என்று நினைக்கிற வரைக்கும், நேரடிப் பணம் என்பது உடைமைக்குக் கொடுக்கும் வட்டி மாதிரிதான்.

இலவச மின்சாரம் இன்னும் நுட்பமான கேஸ். 1984ல் சிறு விவசாயிகளுக்கு, 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும். இரண்டு மூன்று தலைமுறை இதற்காகப் போராடியது. 1970ல் பெருமாநல்லூரில் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் செத்தார்கள். அந்த வரலாறு தெரியாமல் இலவச மின்சாரத்தைக் கிண்டல் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் யாருக்குப் போகிறது? கிணறு இருப்பவருக்கு. மானாவாரிக்காரருக்கு ஒன்றும் இல்லை. பெரிய மோட்டார் வைத்திருப்பவருக்கு அதிகம். குத்தகைக்காரருக்குக் கிணற்றோடு மின்சாரமும் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறது. ஆனால் கிணறு இருக்கிற நிலத்துக்குக் குத்தகையும் கூட. தண்ணீரும் கரண்டும் சேர்த்துத்தான் நெல் மூட்டை பேசுகிறார்கள். அரசு இலவசமாகக் கொடுத்ததை அப்பா குத்தகையில் சேர்த்து விற்றுவிடுகிறார். அவருக்கே அது தெரியாது.

நமது ஊர் விவாதம் எல்லாம் சிறு விவசாயியா பெரு விவசாயியா என்பதிலேயே நின்றுவிடுகிறது. 2016ல் ஜெயலலிதா அரசு சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. எல்லோருக்கும் தள்ளுபடி வேண்டும் என்று அய்யாக்கண்ணு தலைமையிலான சங்கம் வழக்குப் போட்டது. உயர்நீதிமன்றம் 2017ல் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து, சிறு குறு என்று பிரிப்பது நியாயமான வகைப்பாடுதான் என்றது. இடையில் 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய்க் கடனை, அளவு பார்க்காமல் தள்ளுபடி செய்துவிட்டார். ஐந்து வருடச் சண்டை. இத்தனையிலும், பட்டா இல்லாததால் சொசைட்டியில் கடனே வாங்க முடியாமல், ஏக்கருக்கு இவ்வளவு என்று வட்டிக்காரரிடம் வாங்கிப் பயிர் வைத்தவரைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை. அவருக்குத் தள்ளுபடி செய்யக் கடனே இல்லையே.

வேறு மாநிலங்களில் முயற்சி செய்யாமல் இல்லை. ஒடிசாவின் காலியா திட்டம் வாரக்காரர்களையும் நிலமற்ற விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தது. தெலங்கானாவின் ரைத்து பந்து நேர் எதிர்: ஏக்கர் கணக்கில் பணம், ஆரம்பத்தில் உச்சவரம்பே இல்லை, குத்தகைக்காரருக்கு எதுவும் இல்லை. ஆந்திரா 2019ல் ஒரு சட்டம் போட்டு, 11 மாதத்துக்குச் செல்லும் சாகுபடியாளர் அட்டை கொடுத்தது. நில உரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயிருக்கு மட்டும்தான் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அப்பாவின் பயத்துக்குச் சரியான மருந்து என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதற்கும் நில உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துவிட்டதால், அங்கேயும் அப்பாக்கள் கையெழுத்துப் போடவில்லை.

இதை இப்போது எழுத ஒரு அவசரம் உண்டு. 2025 தொடக்கத்தில் இருந்து ஊர் ஊராக முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதார், பட்டா, மொபைல் மூன்றையும் சேர்த்து ஒரு எண். இனி கிசான் தவணை, பயிர்க்கடன், காப்பீடு, மானியம் எல்லாம் அந்த எண்ணில் போய் நிற்கும். தொழில்முறையில் பார்த்தால் நல்ல வடிவமைப்பு. ஒரே ஆளுக்கு ஏழு பதிவேடு இருப்பதைவிட ஒன்று இருப்பது நல்லது. ஆனால் டேபிளின் முதன்மைச் சாவியாக எதை வைக்கிறோமோ அதுதான் உலகம் என்று சிஸ்டம் நம்ப ஆரம்பிக்கும். பிறகு மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று என் தொழிலில் இருப்பவர்கள் யாரையும் கேளுங்கள். இதுவரை ஒவ்வொரு திட்டத்திலும் தனித்தனியாக விடுபட்ட குத்தகைக்காரர், இனி ஒரே இடத்தில், ஒரேயடியாக விடுபடுவார். பயிர்க் காப்பீட்டில் மட்டுமாவது இன்றைக்கு அவருக்கு இடம் இருக்கிறது: கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் அவர் பயிர் வைத்ததாக எழுதிக் கொடுத்தால் சம்பா நெல்லுக்கு ஒன்றரை சதவீதப் பிரீமியம் கட்டிச் சேரலாம். அந்தச் சின்ன வாசலும் எண்ணுக்குள் போய்விடுமா என்பதுதான் என் கவலை. அடங்கலில் சாகுபடியாளர் என்று ஒருவரை எழுத முடியும்போது, அதையே எண்ணோடு வருடாவருடம் இணைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றும் கிடையாது. நான் சொல்கிறேன், அது ஒரு கூடுதல் டேபிள், இரண்டு தேதி.

கிளம்புகிற அன்று காலையில் குத்தகைதாரர் மோட்டார் போட வந்திருந்தார். அப்பாவைக் கேட்டுக்கொண்டு, "அண்ணே, வருசத்துக்கு அந்த ஆறாயிரத்தைக் குத்தகையில கழிச்சுக்குங்க" என்று சொன்னேன். ஏதோ பெரிய காரியம் செய்த மாதிரி எனக்கு ஒரு நினைப்பு.

அவர் சிரித்தார். "அது உங்க பேருக்கு வந்த காசு தம்பி, அத வெச்சுக்கிட்டு நான் என்னா பண்ண? போன வருசம் மழையில சாஞ்சப்ப காப்பீடு இருந்தவங்களுக்கு ஏதோ கொஞ்சம் வந்துச்சு. நான்தான் பயிர் வெக்கிறேன்னு அப்பாவை ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. வி.ஏ.ஓ. அதத்தான் கேக்குறாரு."

திண்ணையில் இருந்த அப்பா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். கேட்டது என்று எனக்குத் தெரியும்.

சம்பாவுக்குக் காப்பீடு செய்யக் கடைசித் தேதி நவம்பர் நடுவில் வரும். பதினோரு மாதத்துக்கு, பயிருக்கு மட்டும், நில உரிமைக்குச் சம்பந்தமில்லை என்று ஆந்திரச் சட்டத்தின் வார்த்தைகளையே தமிழில் போட்டு அரைப் பக்கத்துக்கு ஒரு சீட்டு எழுதி, அப்பாவின் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. கையெழுத்து இன்னும் விழவில்லை.